பாய்க்கு நான் வைத்த மீசை

பி.பி. மாத்திரை போட்டாயிற்றா? போடாதவர்கள் போட்டுவிட்டு வந்து உட்காருங்கள். நான் சொல்லப்போவது திடுக்கிடும் கதை ஒன்றும் இல்லை; ஆனால் நம் வயதில் எதையும் நம்ப முடியாது. முதலில் இதைப் பேரப்பிள்ளைகளிடம்தான் சொல்லிப் பார்த்தேன். "மூஞ்சியே இல்லாத படத்துக்கு எதுக்கு தாத்தா இவ்ளோ பில்டப்பு?" என்று எழுந்து போய்விட்டார்கள். உங்களுக்கு மூட்டு வலி. எழுந்து போக நேரமாகும். அந்தத் தைரியத்தில்தான் ஆரம்பிக்கிறேன்.

அந்த வருடம் முழுப்பரீட்சை லீவு விட்ட மறுநாள், அம்மாவின் தம்பி மெட்ராஸிலிருந்து மஞ்சள் காமாலையோடு ஆம்பூருக்கு வந்து இறங்கினார். மாமா ஓவியக் கல்லூரியில் படித்து முடித்தவர். கண் மஞ்சள், நகம் மஞ்சள், உள்ளங்கை மஞ்சள். அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னா மச்சான், பெயின்ட்ட மேல கொட்டிக்கினியா?" என்றார். அம்மா மட்டும் அழுதாள். கீழாநெல்லி, மோர், உப்பில்லாத சோறு என்று இரண்டு மாதம் எங்கள் வீட்டிலேயே இருப்பது என முடிவாயிற்று. அப்போது எனக்கு ஒன்பது வயது. மாமாவுக்காக ஒதுக்கி வைத்த வெல்லத்தையெல்லாம் நான் தின்று, அவர் உடம்பு தேற என்னால் ஆனதைச் செய்தேன்.

அப்பாவுக்கு டேனரியில் தோலைத் தரம் பிரிக்கிற வேலை. செலக்‌ஷன் என்பார்கள். ஒரு தோலை மேஜையில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, புரட்டிப் பின்பக்கம் பார்த்து, உண்ணி கடித்த புள்ளி, முள் கீறியது, உரிக்கும்போது கத்தி பட்டது எல்லாவற்றையும் மூச்சு விடுகிற நேரத்தில் கண்டுபிடித்து ஒன்றாம் நம்பர், மூன்றாம் நம்பர், ரிஜெக்ட் என்று தள்ளிவிடுவார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் ஓயாது. அம்மா சுட்ட தோசையைப் புரட்டிப் பார்த்துத்தான் சாப்பிடுவார். நான் எத்தனையாம் நம்பர் என்று ஒருமுறை கேட்டேன். "இன்னும் ஊறணும்" என்றார்.

மாமா கொண்டு வந்திருந்த படங்களை அப்பா பார்த்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நீலத்தில் ஒரு மாடு. அதற்கு எந்தப் பக்கம் தலை என்று மாமாவிடம்தான் கேட்க வேண்டும். அப்பா கான்வாஸை உள்ளங்கையால் தடவினார். ஜன்னல் பக்கம் சாய்த்தார். பிறகு புரட்டிப் பின்பக்கத்தை வெகு நேரம் பார்த்தார்.

"பின்னாடி சுத்தமா இருக்கு மச்சான். முன்னாடிதான் டேமேஜ் ஜாஸ்தி."

மாமா சிரித்தார். மஞ்சள் கண்ணோடு ஒருவர் சிரிப்பதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

அவருக்குக் கொஞ்சம் நடக்கத் தெம்பு வந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு பஜாருக்குப் போவார். அங்கேதான் பாயைப் பார்த்தோம். எங்கள் ஊரில் பாதிப் பேர் பாய்தான். ஆனால் எங்கள் வீட்டில் பாய் என்றால் போர்டு எழுதும் பாய் ஒருவர்தான். ஏணியில் நின்று ஒரு செருப்புக் கடைக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தார். நுனியில் துணிப்பந்து கட்டிய ஒரு குச்சியைப் போர்டில் சாய்த்து, அதன்மேல் மணிக்கட்டை ஊன்றியிருந்தார். இடது பக்கத்திலிருந்து தமிழ், வலது பக்கத்திலிருந்து உருது. அளவுகோல் இல்லை, பென்சில் கோடு இல்லை. இரண்டும் நடுவில் வந்து, நான்கு விரல் இடம் விட்டு, நின்றன. அந்த நான்கு விரல் இடத்தில் ஒரு செருப்பை வரைந்துவிட்டு இறங்கினார்.

மாமா வெயிலில் நின்றுகொண்டே இருந்தார். எனக்குக் கால் சுட்டது. "வா மாமா போலாம்" என்றேன்.

"சும்மா இர்றா. இவ்ளோ நாளா மெட்ராஸ்ல யார்யாரயோ ஆர்ட்டிஸ்டுன்னு கும்பிட்டுக்கினு இருந்தேன்" என்றார்.

இருவருக்கும் தோஸ்தி பிடித்துக்கொண்டது. பாயின் கடை என்பது ஒரு தகர ஷெட். டர்பன்டைன், அத்தர், பீடிப் புகை மூன்றும் கலந்த வாசனை. தேங்காய்த் தொட்டிகளில் காய்ந்து ஏடு கட்டிய பெயின்ட். அந்த ஏட்டை விரலால் குத்தினால் உள்ளே ஈரமாக இருக்கும், எத்தனை சுகம் தெரியுமா? எங்கள் ஊர் டேனரி வாடையை வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ளும்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வரும். ஆனால் அந்த ஷெட்டின் வாசனை இன்றைக்கும், எங்காவது கதவுக்குப் பெயின்ட் அடித்தால், என்னை நிறுத்திவிடும். என் மனைவி கேட்பாள், "இன்னா, யாரு வூட்ட மோந்து பாத்துக்கினு நிக்கிறீங்க?"

மாமாவுக்குப் பாயைப் படமாக வரைய வேண்டும். கேட்டதும் பாய் ஒரே பேச்சாக மறுத்துவிட்டார். வாலிபத்தில் அவர் வேலூரில் சினிமா பேனர் வரைந்தவர். இருபதடி உயர முகத்தைச் சாரத்தில் தொங்கிக்கொண்டே வரைவாராம். பிறகு, உருவம் வரைவது மார்க்கத்தில் பாவம் என்று வருந்திய அவருடைய அம்மா நோயில் கிடந்தபோது, இனி யார் முகத்தையும் வரைய மாட்டேன், தன் முகத்தையும் யாரையும் வரைய விட மாட்டேன் என்று அந்த அம்மாவின் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து எழுத்து மட்டும். மிஞ்சிப் போனால் ஒரு செருப்பு, ஒரு தேங்காய், ஒரு தையல் மிஷின்.

மாமா விடவில்லை. "மூஞ்சி இல்லாம வரைஞ்சா?"

"மூஞ்சி இல்லாம எப்டி தோஸ்த் ஒரு ஆளு?"

"அத நான் பாத்துக்கறேன். நீங்க வந்து உக்காந்தா போதும்."

"வாக்கு குடு."

மாமா பாயின் கையில் கையடித்துக் கொடுத்தார். இவை எல்லாம் பிறகு அப்பா வாயால் கேட்டவை. பேச்சு நடந்தபோது நான் அங்கே இல்லை. எனக்குச் சொல்ல வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகளிடம் எதையும் சொல்லாமலே வளர்த்த காலம் அது; அது எவ்வளவு ஆபத்து என்பதற்கு நானே அத்தாட்சி.

வரைய இடம் கொடுத்தது அப்பாதான். தோலுக்கு வடக்கு வெளிச்சம் வேண்டும். நேர் வெயில் விழுந்தால் தழும்பு கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால் செலக்‌ஷன் ஹாலுக்கு வடக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. படம் வரைகிறவர்களுக்கும் அதே வெளிச்சம்தான் வேண்டுமாம். மாமா இதைச் சொன்னபோது அப்பா முதல்முறையாக அவரை மரியாதையாகப் பார்த்தார். வெள்ளிக்கிழமை மதியம் ஹால் காலி. அப்பா முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கினார். டேமேஜ் ஜாஸ்தி என்று சொன்ன வாயோடு, ஸ்டூலையும் அவரே தூக்கி வந்து போட்டார்.

ஆறு வெள்ளிக்கிழமை அப்படி நடந்தது. பாய் ஜும்மா தொழுகை முடித்து, வெள்ளை ஜிப்பாவும் அத்தருமாக வந்து ஸ்டூலில் உட்காருவார். கன்னத்தில் தாடி, மேலுதடு மழித்திருக்கும். மீசை கிடையாது. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைக்கவில்லை. மாமா வரைவார். நான் தோல் அடுக்குகளின்மேல் ஏறிச் சறுக்குவேன். பேச்சு காதில் விழும்.

"கை இன்னா தோஸ்த் இவ்ளோ பெருசா?"

"எனக்கு அப்டித்தான் தெரியுது பாய்."

"கண்ணாஸ்பத்திரில காட்டு. பேஜார் புடிச்ச ஆர்ட்டு."

ஆனால் பாய் அதைப் பார்க்காமல் ஒருநாளும் போனதில்லை. எழுந்து வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். படத்தில் ஒரு வெள்ளை ஜிப்பா, எழுத்துப் போல நேராக நின்றது. இரண்டு கைகள், ஒன்று இடமிருந்து வர, ஒன்று வலமிருந்து வர, நடுவில் சேராமல் நின்றன. தலை இருக்க வேண்டிய இடத்தில் காவியும் பழுப்புமாக ஒரு முட்டை. அவ்வளவுதான். ஐந்தாம் வெள்ளியன்று பாய் வெகு நேரம் பார்த்துவிட்டு, "என் அம்மா பாத்தா இது நான்தான்னு சொல்லிடும்" என்றார். மாமா தூரிகையைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இது எல்லாம் எனக்கு அப்போது புரியவில்லை. எனக்குப் புரிந்தது தெருப் பசங்கள் சொன்னது. "உங்க மாமாவுக்கு மூஞ்சி போட வர்லடா. அதான் முட்ட போட்டுட்டாரு." மாடு வரைந்தாலும் தலை தெரியாது, ஆள் வரைந்தாலும் தலை தெரியாது. யோசித்துப் பார்த்தேன், எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. பாவம், தலை என்று வந்தாலே மாமா தடுமாறுகிறார் போலிருக்கிறது. மஞ்சள் காமாலையினால் இருக்கலாம்.

ஏழாவது வெள்ளி. கடைசி நாள். பாயைக் கையோடு கூட்டிவர மாமா மசூதித் தெருவுக்குப் போனார். "தொடாம பாத்துக்கடா" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். நான் தொட்டேன். மெல்லிய தூரிகை ஒன்றை எடுத்துக் கறுப்பில் தோய்த்து, ஸ்டூல்மேல் ஏறி, இரண்டு கண், புருவம், ஒரு மூக்கு, சிரிக்கிற வாய் எல்லாம் போட்டேன். ஏதோ குறைந்தது. பெரிய மனிதர் என்றால் மீசை வேண்டாமா? முறுக்கி ஒன்று வைத்தேன். இறங்கித் தள்ளி நின்று பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அழகைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது. மாமாவின் மானம் காப்பாற்றப்பட்டது.

காலடிச் சத்தம் கேட்டதும் தோல் அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர்கள் ஆச்சரியப்பட்டு "யாரு போட்டது?" என்று கேட்க, நான் வெளியே குதிப்பதாக ஏற்பாடு.

பாய் முதலில் வந்தார், பின்னால் மாமா, அதற்கும் பின்னால் அப்பா. பாய் நின்றார். அவர் கேட்டது என்னவோ நான் எதிர்பார்த்த கேள்விதான்.

"இது யாரு போட்டது?"

அந்தக் குரலைக் கேட்டதும் குதிக்க எடுத்த கால் அப்படியே நின்றுவிட்டது. மாமா படத்தைப் பார்த்தார். ஸ்டூல்மேல் இருந்த சின்னக் கால் தடத்தைப் பார்த்தார். அடுக்குக்கு மேலே தெரிந்த என் விரல்களில் இருந்த கறுப்பைப் பார்த்தார். பிறகு திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்குக் கோபம் வந்தால், "தோல உரிச்சிடுவேன்" என்பார். மற்ற ஊர்களில் இது பேச்சு. எங்கள் ஊரில், எங்கள் அப்பா சொன்னால், தொழில்.

"நான்தான் பாய்" என்றார் மாமா.

"நெஜமாவா?"

"ம்."

ஒரு படம் வரைந்து முடித்த கலைஞனுக்கும் ஒன்பது வயதுக் குரங்குக்கும் கை வித்தியாசம் பாய்க்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பல வருடம் கேட்டுக்கொண்டேன். மாமாவின் நீல மாட்டை நீங்கள் பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள்.

பாய் ஒன்றும் திட்டவில்லை. "நல்லாருக்கு தோஸ்த்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அத்தர் வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

அப்பாதான் குதித்தார். "பெத்த அம்மாவுக்கு அந்த மனுசன் குடுத்த வாக்கு! அதுல போய் வெளையாடிட்டியே மச்சான். படிச்சவனா நீ?" அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. வெளியே வர இன்னும் நேரம் இருந்தது. வரவில்லை.

அன்று சாயங்காலம் மாமா கிணற்றடியில் மண்ணெண்ணெய் துணியால் என் விரல்களைத் துடைத்துவிட்டார். பிறகு அதே துணியால் படத்தில் இருந்த முகத்தையும் துடைத்தார். நான் அழுதேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அவருக்குத்தான் மீசையே இல்லியேடா. அத எதுக்கு வச்ச?"

மறுநாள் மாமா பாயைத் தேடிப் போனார். ஷெட் பூட்டியிருந்தது. குடியாத்தத்தில் ஏதோ மில் சுவரில் எழுதப் போய்விட்டாராம், திரும்பி வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அதற்குள் மாமாவுக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது. பஸ் ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பாய் வந்ததும் நீயே போய்ச் சொல்லிடு. உன்ன ஒண்ணும் பண்ண மாட்டார். சிரிப்பார். எனக்கு ஒரு வரி லெட்டர் போடு, சொல்லிட்டேன்னு."

போனேன். போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாய் ஏணியில் இருந்தார். கீழே நின்றேன்.

"இன்னாடா குட்டி?"

"சும்மா பாய்."

இறங்கி வந்து, கையில் இருந்த என் பள்ளிக்கூடத் தகரப் பெட்டியின் மூடியில் என் பெயரை எழுதிக் கொடுத்தார். மஞ்சளில் எழுதி, சிவப்பில் நிழல் வைத்தார். மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பெட்டியை ஊதிக் காய வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, ஒரு கார்டில் எழுதினேன்: "அன்புள்ள மாமாவுக்கு, பாயிடம் சொல்லிவிட்டேன். இங்கு அனைவரும் நலம்."

என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அம்மா பாராட்டினாள்.

பிறகு என்ன? மாமா காத்திருந்தார். விஷயம் தெரிந்த பாய் தனக்கு ஒரு வரி எழுதுவார், யாரிடமாவது ஒரு சலாம் சொல்லி அனுப்புவார் என்று. வரவில்லை. தெரிந்தும் மனது ஆறவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். அம்மாவைப் பார்க்க ஆம்பூர் வந்தால், பஜார் வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போவார். அப்பா சாகும்வரை, "மச்சான் நல்லவன்தான், வாக்கு மட்டும் நிக்காது" என்பார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையாட்டியிருக்கிறேன்.

மாமா பிற்காலத்தில் வேலையை விட்டு மெட்ராஸுக்கே திரும்பினார். கொஞ்சம் பெயரும் வந்தது. ஒரு கண்காட்சியில் அந்தப் படத்தை வைத்தார். முகம் துடைத்த இடம் மட்டும் வெளிறி, மேகம் போலிருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெரிய விமர்சகர், வரைந்து அழிக்கப்பட்ட அந்த முகம் மனிதனின் ஆழ்ந்த தனிமையைக் காட்டுகிறது என்று நான்கு பேரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அதில் ஒரு முறுக்கு மீசை இருந்தது ஐயா என்று சொல்ல நாக்கு துடித்தது. மாமா என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"பாய் எப்டி இருக்கார்?"

"நல்லாருக்கார் மாமா."

ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் இதைக் கேட்பார். நானும் இதையே சொல்வேன். ஒருமுறையாவது, "என்மேல இன்னும் கோவமா?" என்று கேட்டிருந்தால் உடைந்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது உண்டு. உடைந்திருக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் மாமா போய்விட்டார். அத்தை அந்தப் படத்தைப் பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டு வந்து, "இது உனக்குன்னு சொன்னாரு" என்று கொடுத்தாள். அதை வீட்டில் மாட்ட எனக்குச் சுவர் கிடைக்கவில்லை. எல்லாச் சுவரிலும் ஆணி இருந்தது, எனக்குத்தான் தைரியம் இல்லை. கடைசியில் ஒரு நாள் ஆட்டோவில் வைத்துக்கொண்டு பேரணாம்பட்டுக்குப் போனேன். பாய் அங்கே மகள் வீட்டில் இருந்தார். எண்பதைத் தாண்டியவர். பார்வை போய்க்கொண்டிருந்தது, நிறம் மட்டும், அதுவும் கிட்டத்தில், மங்கலாகத் தெரியுமாம்.

அப்பாவின் பெயரைச் சொன்னேன். யோசித்தார். "மெட்ராஸ் ஆர்ட்டிஸ்டோட அக்கா மகனா?" என்று அவராகவே கண்டுபிடித்தார். "அவன் எப்டி இருக்கான்?"

"போய்ட்டாரு பாய். ரெண்டு வருஷம் ஆகப்போவுது."

அவர் உதடு அசைந்தது. துவா ஓதி முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு படத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தேன். பெயின்ட் மேட்டை விரலால் தடவிக்கொண்டே போனார். ஜிப்பா, கை, இன்னொரு கை. கழுத்துக்கு மேலே விரல் நின்றது.

"இங்க வழவழன்னு இருக்கே."

"தொடச்சிட்டாரு பாய். அன்னிக்கு சாயங்காலமே."

"தொடச்சிட்டானா?"

"போட்டதும் அவரு இல்ல. நான்தான்."

"அவன் வாயாலயே சொன்னானே!"

"எங்கப்பா பின்னாடி நின்னுக்கினு இருந்தாரு. எனக்கு அடி வுழுமேன்னு பழிய அவரு ஏத்துக்கினாரு. அப்புறமா உங்ககிட்ட என்னயே சொல்லச் சொன்னாரு. நான் சொல்லல. சொல்லிட்டேன்னு அவருக்குக் கார்டு போட்டுட்டேன்."

மகள் டீ கொண்டு வந்தவர், வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"அப்போ அவன், எனக்குத் தெரியும்னே நெனச்சிக்கினு இருந்தானா?"

"ஆமா பாய்."

"தெரிஞ்சும் நான் வரலன்னு."

"ஆமா."

"அடப் பாவிப் பயலே" என்றார். உரக்கக்கூட இல்லை. "உங்கப்பன் ரெண்டு போட்டிருந்தா செத்தா போயிருப்ப?"

"இல்ல பாய்."

"பிரஷ் வாங்க மெட்ராஸ் போனப்ப ஒரு தடவ அவன் தெருவு வரைக்கும் போனேன்டா. முனையில நின்னு ஒரு டீ குடிச்சேன். அவன் வந்து ஒரு வார்த்த சொல்லட்டுமேன்னு திரும்பிட்டேன்."

என்னை அறைந்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன்; உண்மையைச் சொன்னால், விரும்பினேன். நம் வயதில் யார் நம்மை அடிக்கிறார்கள்? அவர் படத்தின் சட்டத்தைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு கேட்டார்.

"கடைசில பாக்க எப்டி இருந்தான்?"

அவசரமாக போனை எடுத்தேன். அதில் மாமாவின் படம் நிறைய இருந்தது.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வாயால சொல்லு. நெத்திலேந்து சொல்லு."

"நெத்தி எங்க பாய், தல முழுக்க வழுக்கதான்."

"அவனுக்கா? அவ்ளோ முடி வச்சிருந்தானே!"

"ஒண்ணுகூட இல்ல. காதுலதான் முடி."

சிரித்தார். மகளும் சிரித்துவிட்டு டீயை வைத்தார்.

"புருவம்?"

"நரச்சிப் போச்சு. ஆனா அடர்த்தியா இருக்கும். எடது புருவம் கொஞ்சம் மேல."

"அது அப்பவே அப்டித்தான். மூக்கு?"

மூக்கைச் சொன்னேன். கன்னத்தின் இரண்டு பள்ளத்தைச் சொன்னேன். மேல்வரிசையில் போன இரண்டு பல்லைச் சொன்னேன். அப்போதுதான் கவனித்தேன். பாயின் வலது கை படத்தை விட்டிருந்தது. ஆள்காட்டி விரல் தொடைமேல், லுங்கித் துணியில், மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. நான் நிறுத்தினால் அது நின்றது. சொன்னால் நகர்ந்தது.

நான் பார்க்காதது போல வேறு பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் சொல்லிக்கொண்டே போனேன். தாடைக்கு வந்து முடித்ததும், பாய் உள்ளங்கையால் துணியை ஒருமுறை தடவிவிட்டு, மறுபடி நெற்றியிலிருந்து சொல்லச் சொன்னார்.